மணியம் அங்கிளின் எடையும் ஷாலினியின் மதிப்பெண்ணும்

1

மதுரையில் என்னோடு நர்சிங் படித்த தனலட்சுமி போன மாதம் போன் செய்தாள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் இப்போது அவள் வார்டு சிஸ்டர். ஊர்க்கதை, உடம்புக்கதை எல்லாம் பேசி முடித்த பிறகு, பதினோரு வருடமாக மலேசியாவில் நான் என்னதான் பாடம் எடுக்கிறேன் என்று கேட்டாள். சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று ஒரு பாடம் எடுக்கிறேன் என்றேன். டாக்டருக்குப் படிப்பவர், நர்சிங் படிப்பவர், பார்மசி, பிசியோதெரபி, உணவு ஆலோசனை என்று வகைக்கு ஒருவராக ஐந்து பேரை ஒரு குழுவாக்கி, ஒரு நோயாளியை ஒப்படைத்து, அவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை என்று விளக்கினேன்.

"அதுக்கு மார்க் வேறயாடி?" என்று அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "இங்க டாக்டர் சொல்லுவாரு, நாங்க செய்வோம். தினம் நூத்துக்கு நூறு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் இந்த ஆண்டு அந்த மதிப்பெண் ஒரு பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்தப் பார்த்தது. நிறுத்தப் பார்த்தவள் நான். ஊரில் இருப்பவர்களுக்குப் பெருமையாக எழுதுவதற்கு எத்தனையோ இருக்கிறது. இந்த முறை இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கெடா மாநிலத்தில். சரித்திரப் பாடத்தில் கடாரம் என்று படித்தோமே, அதே இடம். வடக்கே ஜித்ரா பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். தெற்கே ஒரு காலத்தில் ரப்பர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. சுங்கைப் பட்டாணி நகரத்தில் பாக்கார் ஆராங் என்ற பகுதியில், ஒன்றோடு ஒன்று ஒட்டிய வீட்டு வரிசை ஒன்றில் குடியிருக்கிறோம். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. மகள் மதுவுக்குப் பதினான்கு வயது. இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் முதல் வேலை நாள். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காரைக் கிளப்பும்போது, இத்தனை வருடம் ஆகியும் ஏதோ தண்டனை அனுபவிப்பது போலத்தான் இருக்கிறது.

இங்குள்ள தமிழர்கள் பேச்சும் நம் தமிழ்தான், ஆனால் சறுக்கும். வந்த புதிதில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்க்கப் போனபோது அந்த வீட்டு அம்மா, "தண்ணி கலக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார். பட்டப்பகலில், அதுவும் ஒரு நர்சிடம், இப்படிக் கேட்கிறாரே என்று நான் ஆடிப்போய்விட்டேன். தேநீரோ காப்பியோ பழச்சாறோ, விருந்தாளிக்குக் கலக்கிக் கொடுப்பதெல்லாம் இங்கே தண்ணிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது இல்லாமல் எந்தத் தமிழ் வீட்டிலிருந்தும் எழுந்து வர முடியாது என்பதையும் கூடவே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

நான் அட்டவணைக்காரி. மளிகைச் சாமானுக்குக்கூடக் கட்டம் போட்ட தாள் வைத்திருப்பேன். கல்லூரியில் இந்தப் பாடம் என் தலையில் வந்து விழுந்ததே அதனால்தான்.

ஐந்து துறைக்கும் ஒரே சட்டம். ஒவ்வொரு மாணவரும் ஆறு வாரத்தில் ஆறு தடவை நோயாளியின் வீட்டுக்குப் போய், தன் துறை வேலையைச் செய்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போய் இறங்கினால் சின்ன வீடு தாங்காது என்று நினைத்து, ஆளுக்கு ஒரு நாள் பிரித்துக் கொடுத்தேன். ஞாயிறு நர்சிங், திங்கள் பார்மசி, செவ்வாய் பிசியோ, புதன் உணவு ஆலோசனை, வியாழன் டாக்டர். அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியபோது அதன் அழகில் நானே மயங்கி நின்றேன்.

மூன்றாம் வார முடிவில் ஒரு கூட்டம், ஆறாம் வார முடிவில் ஒரு கூட்டம். ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து படிவத்தில் குறிப்பேன். பேசினாரா, மற்றவர் பேசும்போது கேட்டாரா, மரியாதை காட்டினாரா, ஒருமித்த முடிவுக்கு உதவினாரா. பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும். இரண்டு கூட்டத்திலும் தனித்தனியாக ஐந்து வாங்கினால்தான் தேர்ச்சி. ஒன்றில் குறைந்தாலும் கடைசி ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சிக்குத் தன் கூட்டத்தோடு போக முடியாது; அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் குழுவுக்குக் கிடைத்த நோயாளி சுங்கை லாலாங் பக்கத்தில் இருக்கும் சுப்ரமணியம். எல்லாருக்கும் மணியம் அங்கிள். முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்து வீடுகளை இடித்த பிறகு பக்கத்துக் குடியிருப்பில் சின்ன வீடு வாங்கி வந்தவர். மனைவி லெட்சுமி ஆன்ட்டி. அங்கிளுக்கு இதயம் தளர்ந்துவிட்டது. குடிக்கிற தண்ணீரும் உப்பும் கூடினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். தேநீர், ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை லிட்டர்தான் என்று மருத்துவமனையில் அளந்து சொல்லியிருந்தார்கள். தண்ணீரை வெளியேற்ற மாத்திரை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும். ஆன்ட்டி அந்த எடையைச் சுவரில் தொங்கும் பெரிய கட்டக் காலண்டரில் பென்சிலால் எழுதி வைப்பார்.

மாணவர்கள் போக ஆரம்பித்த மூன்று வாரத்தில் அங்கிளின் கால் முன்பைவிட வீங்கியது.

3

முதல் கூட்டத்தை நடத்தியவன் ஹரீஷ், டாக்டருக்குப் படிப்பவன். கெட்டிக்காரன், நல்ல குரல், எதையும் மூன்று வரியில் சொல்லிவிடுவான். அன்றும் சொன்னான். மாத்திரை சரி, உணவு சரி, உடற்பயிற்சி சரி என்று எல்லாரும் சொல்கிறோம், ஆனாலும் வீங்குகிறது. அப்படியானால் அங்கிள் நமக்குத் தெரியாமல் தண்ணீர் குடிக்கிறார், நம்மிடம் பொய் சொல்கிறார். மருத்துவமனைக்கு அப்படியே எழுதி மாத்திரையைக் கூட்டச் சொல்லலாம் என்றான்.

பார்மசி படிக்கும் ஃபாரிஸ் தலையாட்டினான். ஜித்ராவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். பிசியோ படிக்கும் மலாய்ப் பெண்ணும், உணவு ஆலோசனை படிக்கும் சீனப் பெண்ணும் அழகாக ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசி அதையே ஆமோதித்தார்கள். நர்சிங் படிக்கும் ஷாலினி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கண்ணால் ஜாடை காட்டியும் பார்த்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இது பிழைக்காத பிள்ளை என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஹரீஷுக்கு ஒன்பது. மற்ற மூவருக்கும் எட்டு. ஷாலினிக்கு மூன்று. அன்று மாலையே கணினியில் ஏற்றி, உறுதி செய்யும் பொத்தானையும் அழுத்திவிட்டேன். தாமதம் எனக்கு ஆகாது.

4

மறுநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். அந்த உரிமையில் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன். மூன்று மதிப்பெண் என்றால் பயிற்சிக்குப் போக முடியாது, ஒரு வருடம் வீண் என்று சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். லெட்சுமி ஆன்ட்டி வீட்டுக் காலண்டர். பென்சில் எண்களை அவள் கோடு போட்டு இணைத்திருந்தாள்.

வாரத்துக்கு வாரம் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. சனி, ஞாயிறு, செவ்வாய் காலைகளில் எடை இறங்குகிறது. மற்ற நாட்களில் ஏறுகிறது. வெள்ளிக்கிழமை காலையில்தான் எல்லாவற்றையும் விட அதிகம்.

"இதை ஏம்மா கூட்டத்துல சொல்லல?"

"என்கிட்ட நம்பர் மட்டும்தான் மேடம் இருந்துச்சு, காரணம் இல்ல. ஹரீஷ்கிட்ட காரணம் இருந்துச்சு." போனை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒத்துப் போறதுக்குத்தானே மேடம் மார்க்கு?"

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. படிவத்தில் இருந்ததைப் படித்தாள், அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது.

மதுரையில் நான் வார்டு நர்சாக இருந்தபோது சர்க்கரை நோயாளி ஒருவர் படுத்திருந்தார். எத்தனை ஊசி போட்டாலும் சர்க்கரை குறையாது. காலையில் டாக்டர் வருவார், பின்னால் ஒரு பட்டாளம் வரும், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். மருந்தைக் கூட்டச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தினமும் அந்த நோயாளியின் தம்பி வாசலில் வெல்லம் போட்ட பருத்திப்பால் வாங்கிக்கொண்டு வந்து அண்ணனுக்குக் கொடுப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பியிடம் ஒரு தடவை சொன்னேன், அவர் கேட்கவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. ஒரு நாள் தம்பி வரவில்லை. பருத்திப்பால் இல்லாத உடம்பில் கூட்டிய மருந்து இறங்க, அந்த மனிதர் நினைவு தப்பிக் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், சாமி புண்ணியம். அன்றைக்கு எனக்கும் யாராவது மதிப்பெண் போட்டிருந்தால், அமைதியான பெண், ஒத்துப்போகிறவள் என்று பத்துக்குப் பத்து போட்டிருப்பார்கள்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தப் பாடத்தையே நான் விரும்பி எடுத்துக்கொண்டேன். கடைசியில் என் எதிரில் அதே மாதிரி ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தபோது அவளுக்கு மூன்று போட்டிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது.

மாலையில் வீட்டில் பேச்சுவாக்கில் மதுவிடம் சொன்னேன். அவள் தமிழில் என்னோடு பேசுவதே இப்போது குறைந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து அவள் பெரியம்மா மகள் போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் கையில் கொடுத்துவிடுவாள். அன்று போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எங்க ஸ்கூல்லயும் குரூப் வேலை அப்படித்தான் மா. யாரு நல்லா பேசுறாங்களோ அவங்களுக்குத்தான் ஏ. பியாசா லா," என்றாள். அதெல்லாம் வழக்கம்தான் என்று அர்த்தம். நீ அதில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "நான் பேச மாட்டேன். நான் படம் வரைஞ்சு குடுப்பேன்," என்றாள். என் வீட்டில் நடப்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் வரைந்த படங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

5

அடுத்த ஞாயிறு ஐந்து பேரையும் கூப்பிட்டேன். மதிப்பெண் இல்லாத கூட்டம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்படிப்பட்ட கூட்டங்கள் ஆங்கிலத்தில் தொடங்கும், சந்தேகம் வந்தால் மலாய்க்கு மாறும். ஷாலினி காலண்டர் படத்தைத் திரையில் போட்டு, சனி, ஞாயிறு, செவ்வாய் ஏன் இறங்குகிறது என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை அங்கிள் முருகனுக்கு விரதம் இருப்பாராக்கும் என்று ஹரீஷ் சொன்னான். காலையில் பார்க்கும் எடை முந்தின நாள் சங்கதியைத்தானே காட்டும் என்றாள் ஷாலினி. அப்படிப் பார்த்தால் வெள்ளி, சனி, திங்கள். வெள்ளியும் சனியும் நம்மில் யாரும் அங்கே போவதில்லை என்று பிசியோ பெண் சொன்னாள். திங்கட்கிழமை போகிறவன் ஃபாரிஸ். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஏதோ பெரிய மருத்துவம் செய்துவிட்டான் போல என்று நானும்தான் திரும்பினேன்.

ஃபாரிஸ் பதறிப்போனான். "நான் ஒண்ணும் செய்யல. மாத்திரைய எண்ணுனேன், கையெழுத்து வாங்குனேன், வந்துட்டேன். அவ்ளோதான்."

"ஆன்ட்டி ஒண்ணும் குடுக்கலையா?" என்று ஷாலினி கேட்டாள்.

"முத நாளு பாலில்லாம தே ஓ கலக்கிட்டு வந்தாங்க. திங்கக்கிழமை நான் நோன்பு பிடிப்பேன்ல, சொன்னேன். அப்புறம் கொண்டு வர்றதே இல்ல. அங்கிளும் குடிக்க மாட்டாரு. பிள்ள நோன்போட உக்காந்திருக்கு, அது முன்னாடி நான் குடிக்கிறதான்னு சொல்லுவாரு."

பிறகு பிசியோ பெண் மெதுவாகச் சொன்னாள், தனக்கு ஒரு பெரிய கோப்பை பார்லித் தண்ணீர் வரும் என்று. அங்கிளுக்கும் ஒன்று வருமா என்று ஷாலினி கேட்டதற்கு, வரும் என்று தலையாட்டினாள். விருந்தாளியைத் தனியாகக் குடிக்க விடக் கூடாதாம். ஷாலினிக்குச் சிராப் என்கிற ரோஜா சர்பத்தும் முறுக்கும். ஹரீஷுக்கு, டாக்டர் தம்பி என்பதால், வந்ததும் ஒரு காப்பி, கிளம்பும்போது ஒரு தேநீர், நடுவில் மீஹூன் என்கிற பொரித்த அரிசி சேமியா. வெள்ளிக்கிழமை எடையின் ரகசியம் அதுதான். உணவு ஆலோசனைப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உப்பைக் குறைக்க வேண்டும் என்று அவள் படம் காட்டிப் பேசும்போதெல்லாம் நடுவில் ஒரு தட்டு உப்பு அப்பளம், இங்கே கெரோப்போக் என்பார்கள், இருந்திருக்கிறது. ஒன்று இவளுக்கு, ஒன்று அவருக்கு என்று இருவருமாகத் தின்று தீர்த்திருக்கிறார்கள்.

முதலில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஒவ்வொருவரும் தன் நாளில் ஒரே ஒரு கோப்பைதானே, பெரியவர் ஆசைப்படுகிறார் என்று விட்டிருக்கிறார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் யாரும் எழுதவில்லை. அங்கிள் பொய் சொல்லவில்லை. நாளெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு, வந்த பிள்ளைகளுக்குத் துணையாக மட்டும் குடித்திருக்கிறார். உப்பைத் தின்றதால் வந்த தாகத்துக்கு அப்புறமும் குடித்திருக்கிறார். அவருக்கு வாரத்துக்கு ஐந்து நாள் விருந்தாளி அனுப்பியது என் அட்டவணை.

6

அதை ஆன்ட்டியிடம் யார் சொல்வது என்று அரை மணி நேரம் பேசினார்கள். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று ஹரீஷ். சொன்னால் தன்னால்தான் புருஷனுக்கு இப்படி ஆனது என்று ஆன்ட்டி இடிந்துபோவார், குற்றம் நம் மேல் என்று முதலில் சொல்ல வேண்டும் என்று ஷாலினி. எல்லாரும் போவோம் என்று ஃபாரிஸ். என் அட்டவணையை மீறி அன்று மாலையே ஆறு பேரும் போனோம். சின்ன வீடு தாங்காது என்று நினைத்தேனே, ஆன்ட்டி பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டு, எல்லாரையும் உட்கார வைத்து, நேராகச் சமையலறைக்குத்தான் போனார்.

ஷாலினி பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னாள். நாங்கள் ஆளுக்கொரு நாள் வந்து அங்கிளுக்குக் கெடுதல் செய்துவிட்டோம் ஆன்ட்டி, ஒருத்தர் செய்தது ஒருத்தருக்குத் தெரியாமல் போய்விட்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஆன்ட்டியின் முகம் மாறிவிட்டது.

"அப்ப வீட்டுக்கு வர்ற பிள்ளைங்கள சும்மா அனுப்பணுமா? நல்லாவா இருக்கும்?"

ஒரு கோப்பைக்கு எத்தனை மில்லி என்று ஹரீஷ் ஆரம்பித்தான். ஃபாரிஸ் அவன் முழங்காலைத் தட்டினான். மணியம் அங்கிள் ஏதோ குற்றம் செய்தவர் போல வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்று நம் ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே மருந்து கொண்டு வந்தவர்களே விருந்தாளிகள், அதுவும் ஆறு வாரத்துக்கு.

கடைசியில் ஆன்ட்டிதான் வழி சொன்னார். "நீங்க வர்ற நாளு எதுன்னு சொல்லிடுங்க. அவரு பத்து மணி தே ஓ-வ நான் நிறுத்தி வெக்கிறேன். அந்தப் பங்க உங்க கூட குடிக்கட்டும். முறுக்கு உங்களுக்கு மட்டும். அவருக்கு நான் வேற வெச்சுக்கிறேன்."

ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றைக் காலையில் நிரப்பி வைப்பது, அங்கிள் எது குடித்தாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து வெளியே கொட்டிவிடுவது, போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது என்று உணவு ஆலோசனைப் பெண் சேர்த்துச் சொன்னாள். உப்பில்லாத வறுத்த கடலை போதுமென்று அங்கிளே கேட்டு வாங்கிக்கொண்டார். இனி ஐந்து பேரும் ஒரே நாளில் வருவது என்று முடிவானது. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனைக்கு எழுதிய கடிதம் அனுப்பாமலே கிழிக்கப்பட்டது.

ஆனால் கணினியில் ஷாலினியின் பெயருக்கு எதிரே மூன்று அப்படியே இருந்தது.

7

துறைத் தலைவி ஒரு மலாய் டாக்டர். கண்டிப்பானவர், நியாயம் தெரிந்தவர். என் வேலை அனுமதிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிந்துரைக் கடிதம் தருகிறவரும் அவரே. இந்த முறை அந்தக் கடிதம் அடுத்த மாதம் வேண்டும். பதினோரு வருடம் வரி கட்டியும் அலோர் ஸ்டார் குடிநுழைவு அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்காரும்போது நேற்று வந்தவள் போலத்தான் இருக்கும். என் அட்டவணையால் ஒரு நோயாளிக்குக் கெடுதல் வந்தது என்று கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுப்பது புத்திசாலித்தனமா என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன். மூன்றாம் நாள், ஷாலினியின் மூன்றை ஏழாக மாற்றக் கேட்டு, நடந்ததை எழுதிக் கொடுத்தேன்.

அவர் முழுவதும் படித்தார். மூன்றை ஏழாக மாற்ற முடியாது என்றார். அந்தப் பெண் அன்றைக்குப் பேசவில்லை என்பது உண்மை, பேசாதவருக்குப் பேசியதாக மதிப்பெண் போட அவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு வழிதான் இருக்கிறது, அந்தக் கூட்டமே செல்லாது என்று அறிவித்து மறுபடி நடத்தலாம். அப்படிச் செய்தால் ஐந்து பேர் மதிப்பெண்ணும் போய்விடும். அதனால் ஐந்து பேரும் தாமாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். நானோ ஷாலினியோ யாரையும் வற்புறுத்தக் கூடாது.

தாளை மேசையில் வைத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொன்னேன். ஃபாரிஸ் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். திட்டிப் படிக்க வைத்தேன், மறுபடியும் போட்டான். இரண்டு பெண்களும் தங்களுக்குள் ஏதோ பேசிவிட்டுப் போட்டார்கள். ஷாலினி கடைசியில் போடுகிறேன் என்றாள். ஹரீஷ் ஒரு நாள் அவகாசம் கேட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒன்பதை நம்பி சிறந்த மாணவர் பட்டியலில் அவன் பெயர் முதல் மூன்றில் இருந்தது. மறு கூட்டத்தில் அது வருமா என்பது யாருக்கும் தெரியாது. கேட்டுக் கெஞ்ச வேண்டும் போல எனக்கு வாய் துறுதுறுத்தது. ஷாலினி அன்று முழுவதும் அவன் இருந்த பக்கமே போகவில்லை, தன் முகத்தைப் பார்த்தால் அதுவே அவனுக்கு வற்புறுத்தல் ஆகிவிடும் என்று.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்னே ஹரீஷ் வந்து நின்றான்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு மேடம். அங்கிள் பொய் சொல்றாருன்னு சொன்னேன். அதுக்கு நைன் குடுத்தீங்க. அத வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

பேனாவை என்னிடமே வாங்கிக் கையெழுத்துப் போட்டான். நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன்.

8

மறு கூட்டத்தை மணியம் அங்கிள் வீட்டிலேயே நடத்தத் தலைவி அனுமதி கொடுத்தார். என் வேலை அனுமதிக்கான கடிதம் இன்னும் வரவில்லை; வரும் என்றுதான் நினைக்கிறேன். படிவத்தில் 'ஒருமித்த முடிவுக்கு உதவினாரா' என்ற வரிக்குக் கீழே, 'மாறுபட்டதைச் சொன்னாரா, கேட்டபின் தன் முடிவை மாற்றிக்கொண்டாரா' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதற்கும் ஒரு குழு கூட வேண்டுமாம். கூடட்டும்.

ஷாலினி இரண்டு கூட்டத்திலும் தேறிவிட்டாள். வரும் ஞாயிறு தன் கூட்டத்தோடு மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிறாள். எத்தனை மதிப்பெண் என்று இங்கே எழுதக் கூடாது. ஆனால் மறு கூட்டத்தில் நடந்ததை எழுதலாம்.

அங்கிளும் ஆன்ட்டியும் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய புதுக் கடிதத்தை ஹரீஷ் எழுதி வைத்திருந்தான். இந்த முறை தமிழிலும் சொல்லிச் சொல்லிப் படித்தான். நோயாளி அளவைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார், வீக்கம் இல்லை, எடை நிலையாக இருக்கிறது, ஆகவே தினமும் எடை பார்ப்பதை வாரத்துக்கு ஒருமுறை என்று குறைக்கலாம். மூன்று பேர் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய பழக்கம். எனக்கும்கூடச் சரி என்றுதான் பட்டது.

"இல்ல ஹரீஷ். அது தப்பு," என்றாள் ஷாலினி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எனக்குக் கையில் பேனா நின்றுவிட்டது.

"அடுத்த மாசம் தீபாவளி வருது. இங்க நாம அஞ்சு பேரு இல்ல, அம்பது பேரு வருவாங்க."

ஹரீஷ் ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தான். போன வருடம் நான்கு நாள் ஓயாமல் ஆட்கள் வந்தார்கள், பழைய தோட்டத்து ஆட்கள் பினாங்கிலிருந்துகூட வந்தார்கள் என்று ஆன்ட்டி ஒத்துக்கொண்டார். அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். அவர் மனதில் அந்த நான்கு நாளும் எப்போதோ தயாராகிவிட்டது போலிருந்தது.

ஹரீஷ் அந்த வரியைக் குறுக்கே அடித்தான். தாளை ஷாலினி பக்கம் தள்ளி, பேனாவையும் அவளிடம் நீட்டினான்.

"சரி, சொல்லு. என்ன எழுதலாம்?"